கால் அங்குலக் குழாய்

டுலூத்தில் இன்று மைனஸ் இருபத்தாறு.
ஏரி கல்லாகிக் கிடக்கிறது.
கார் மேல் ஐஸ், கதவுப்பிடியில் ஐஸ்,
தபால்காரர் மீசையில்கூட ஐஸ்.
இந்த ஊரில் போய்
ஐஸ் செய்யும் ஃப்ரிட்ஜுக்குக் குழாய் இழுக்கிறேன் என்றால்
எதிர்வீட்டு ஓர்வில் சிரிக்கத்தான் செய்வார்.
சிரித்து முடித்து
டிரில்லிங் மெஷினையும் கொடுத்தார்.

ஆர்விட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.
சூப்பும் அதில் அடக்கம்,
மாத்திரை விழுங்கும் மிடறும் அடக்கம்.
வாரத்தில் மூன்று நாள்
ஒரு இயந்திரம் அவன் இரத்தத்தை வாங்கிக் கழுவித்
திருப்பித் தருகிறது.
மற்ற நாட்களில்
எனக்குத் தண்ணி காட்டுவதே அவன் வேலை.
பல் துலக்கும் சாக்கில் இரண்டு வாய்,
பூனைக் கிண்ணத்தை நிரப்பும்போது ஒரு வாய்.

போன வாரம் இரவு இரண்டு மணிக்கு
பின்கதவு திறந்திருந்தது.
கூரை விளிம்பில் தொங்கிய பனிக்குச்சியை ஒடித்து
காலில் செருப்பில்லாமல் நின்று
சூப்பிக்கொண்டிருந்தான்.
அறுபத்தெட்டு வயதுத் திருடன்.
திட்ட வாயெடுத்தேன்.
"நீயும் ஒண்ணு ஒடிச்சுக்கோ மார்லிஸ்" என்றான்.

"பொடி ஐஸ் கொடுங்க, மெல்லட்டும்.
ஆனா கணக்குல சேருங்க"
என்றாள் டயாலிசிஸ் நர்ஸ் பா கூ.

முப்பத்தோரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டிய கை;
பைப் வேலை பழக்கமில்லை.
மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் அறுத்தேன்.
ஆனாலும் செம்புக்குழாய்
தன்னிடம் மிச்சமிருந்ததையெல்லாம்
என் சட்டைக் கைக்குள் கொட்டியது.
அடித்தளத்தில் நின்று
ஏழு பேருக்குத் தெரிந்த ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
மேலே அவன் சிரிப்பது
தரையில் போட்ட துளை வழியாகக் கேட்டது.
அந்தத் துளையில்தான் குழாயை ஏற்றினேன்.
"வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று
மீன் மாட்டியதுபோல் பிடித்து இழுத்தான்.

பித்தளை வளையம், பித்தளை நட்.
கையால் இறுகும் வரை, அப்புறம் ஸ்பேனரால் அரைத் திருகு.
அதற்கு மேல் போனால் வளையம் நசுங்கும்
என்று மூன்று தடவை சொல்லியிருந்தார் ஓர்வில்.

கையேட்டில் யாரும் எனக்குச் சொல்லாத வரி ஒன்று இருந்தது:
முதல் மூன்று காலன் தண்ணீரைப் பிடித்துக் கொட்டிவிடவும்.

பிடித்தேன்.
பக்கெட்டில் விழும் சத்தத்துக்கு
வானொலியைச் சத்தமாக வைத்தேன்.
அவன் சமையலறை நாற்காலியை இழுத்துப்போட்டு
எதிரிலேயே உட்கார்ந்தான்.
தெளிந்த தண்ணீர், கரித்தூள் கொஞ்சம் கலங்கிய தண்ணீர்,
மறுபடி தெளிந்த தண்ணீர்.
நான் தொட்டியில் சாய்த்தேன்,
மறுபடி பிடித்தேன்,
மறுபடி சாய்த்தேன்.
வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான்.
பிரார்த்தனை என்று நினைத்தேன்.
"பதினோரு நாள்" என்றான்.
"நீ இப்போ கொட்டினது
எனக்குப் பதினோரு நாள்."

முதல் நாள் ஐஸையும் கொட்டச் சொல்கிறது கையேடு.
அதை நான் பார்த்துக்கொண்டேன்,
அவன் தூங்கும்போது.
பின்வாசல் பனியில் வீசினேன்;
எது எங்கள் ஐஸ், எது ஊர் ஐஸ் என்று
தெரியாமல் போனது.

ஒரு கட்டியை டம்ளரில் உருகவிட்டு அளந்தேன்.
பதினெட்டு மில்லி.
ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ஒட்டிப் பென்சில் கட்டினேன்.
அவன் கையெழுத்தில் இப்போது கோடுகள்,
நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு.
சிறைக்கைதி மாதிரி இருக்கிறது என்றேன்.
"சாப்பாடு பரவாயில்லை" என்றான்.

நேற்று நடுநிசியில் தடதடவென்று சத்தம்.
பின்கதவு என்று எழுந்து ஓடினேன்.
கதவு பூட்டியே இருந்தது.
ஐஸ் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.
அவன் குறட்டை நிற்கவேயில்லை.

எழுந்தது எழுந்தாயிற்று என்று
டார்ச்சோடு கீழே இறங்கினேன்.
இணைப்புக்கு அடியில் விரித்துவைத்த காகிதத் துண்டைத்
தொட்டுப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
இந்த வீட்டில் ஒரு வறட்சி
எனக்குப் பிடித்தது அப்போதுதான்.

இன்னும் ஒரு கால் திருகு போடலாமா என்று
கை துடித்தது.
ஸ்பேனரை ஓர்விலிடம் திருப்பிக் கொடுக்க
படியில் எடுத்து வைத்தேன்.